மருதனார்மடத்தில் எந்தக் கார் மூத்தது?

எங்கள் மயிலாடுதுறையில் ஒரு வரலாற்று வட்டம் உண்டு. இந்த ஆண்டு மலருக்கு ‘உலகப் போருக்குப் பிறகு நாடுகள் எப்படி மாறின’ என்று தலைப்பு முடிவாயிற்று. ஜெர்மனி, ஜப்பான், பிரான்ஸ் மூன்றையும் நூலகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இலங்கை மிச்சமாக இருந்தது. “உங்களுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளும்” என்று சொல்லி அதை என் தலையில் கட்டினார்கள். நான் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் இருந்தவன். ஒரு மூட்டை என்றைக்கு எங்கே கிளம்பியது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தேசங்களையும் அதே கண்ணால்தான் பார்க்கிறேன்.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்தியில், ஒரு வெதுப்பகத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ரொட்டி என்பது காய்ச்சல்காரருக்கு வாங்கிக்கொண்டு போவது. இங்கே திடமான ஆட்கள் வரிசையில் நின்று அதை வாங்குகிறார்கள், பாண் என்கிறார்கள். நான் ஆராய்ச்சியை உடனே தொடங்கிவிட்டேன்.

“போருக்குப் பிறகு இந்த ஊரில் என்ன மாறியது?”

கடைக்காரர் கத்தியைத் துடைத்தார். “எந்தச் சண்டைக்குப் பிறகு ஐயா?”

“இரண்டாம் உலகப் போர்.”

“அதுக்குப் பிறகு இஞ்சை கன சண்டை நடந்து முடிஞ்சிட்டுது. அது கிடக்கட்டும், உங்களுக்கு அச்சுப் பாணோ, றோஸ்ட் பாணோ?”

றோஸ்ட் பாண் வாங்கினேன். இனி எந்தப் போர் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

நான் தங்க வேண்டிய வீட்டுக்காரர் கனகலிங்கம் என்னை அழைத்துப் போகக் காருடன் வந்தார். எங்கள் வட்டச் செயலாளருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். அறுபத்தைந்து வயதிருக்கும், மெலிந்த தேகம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி. காரைப் பார்த்ததும் நான் பாணைக் கீழே போட்டேன். ஏ-ஃபோர்ட்டி! உருண்டை முதுகு, கறுப்பு நிறம், இரண்டு விளக்குக் கண்களிலும் யாரோ திட்டிவிட்ட மாதிரி ஒரு முகபாவம். உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்து செய்து கப்பலில் ஏற்றி அனுப்பிய கார்.

“ஏறுங்கோ ஐயா. கதவை மெதுவாச் சாத்துங்கோ. இவாக்கு அடிச்சுச் சாத்தினால் பிடிக்காது” என்றார் கனகலிங்கம். காரை அவர் ‘இவா’ என்று மரியாதையாகத்தான் சொல்வார்.

ஏறினேன், மெதுவாகச் சாத்தினேன். கார் கிளம்பவில்லை. கனகலிங்கம் இறங்கி முன்பக்கம் ஒரு கம்பியைச் செருகிச் சுழற்றினார். கார் ஒருமுறை இருமியது. உடனே நடந்ததுதான் ஆச்சரியம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பைகளைக் கீழே வைத்தார்கள், கத்தரிக்காய் விற்றவர் கத்தரிக்காயை விட்டார், எல்லோருமாக வந்து தள்ளினார்கள். கார் உயிர் பெற்றதும் திரும்பிப் போய் விட்ட இடத்தில் நின்றுகொண்டார்கள்.

“கனகண்ணை, இவாவை நாங்கள் தள்ளின தூரத்தைக் கூட்டினால் கொழும்புக்கே போயிட்டு வந்திருக்கலாம்!” என்று ஒருவர் கத்தினார்.

“நீ தள்ளு, கதையைப் பிறகு கதைப்பம்!”

இந்தக் காருக்குத் திரும்பும்போது சிமிட்டும் விளக்கு கிடையாது. கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறிய கை வெளியே நீளும். நீளுவதற்குத் தூணில் உள்பக்கமாக ஒரு குத்துக் குத்த வேண்டும். வலப்பக்கக் கை குத்தியதும் நீண்டுவிட்டது. உள்ளே போகத்தான் மறுத்தது. வலப்பக்கம் திரும்புவதாக உலகத்துக்கு அறிவித்தபடியே இடப்பக்கமாக இரண்டு முறை திரும்பி வீடு போய்ச் சேர்ந்தோம். பின்னால் வந்தவர்கள் ஹாரன்கூட அடிக்கவில்லை. பழக்கப்பட்டவர்கள்.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும், சுருக்கமாக. போர் நடந்த காலத்தில் இங்கிலாந்தில் ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. போரில் வென்ற பிறகு, 1946 ஜூலையில், ரொட்டிக்கு ரேஷன் வந்தது. 1948 ஜூலை வரை நீடித்தது. வென்ற நாட்டின் கஜானா காலி. செய்ததையெல்லாம் வெளிநாட்டுக்கு விற்றால்தான் பிழைப்பு என்ற நிலை. இந்த ரக ஏ-ஃபோர்ட்டி 1947ஆம் ஆண்டின் கடைசியில் வெளிவந்தபோது, செய்தவர்கள் காத்திருக்க, கார்கள் கப்பலேறின. அந்த நாளில் யாழ்ப்பாணத்துத் தலைமையாசிரியர் ஒருவர் புத்தம்புது ஆங்கிலக் காரில் போய்ப் பாண் வாங்கிக்கொண்டிருக்க, அந்தக் காரைச் செய்த ஆங்கிலேயர் ரொட்டிக்குக் கூப்பனோடு வரிசையில் நின்றிருப்பார். இப்படி ஒரு காட்சியை ஜெர்மனியை எடுத்தவரால் எழுத முடியுமா?

அன்று இரவுச் சாப்பாடு கோதுமை மாப் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். மாவை முதலில் ஆவியில் அவித்து, அரித்து, பிறகு பிட்டாக்குகிறார்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது கப்பலில் வந்த மாவை இந்த ஊர் எப்படி வழிக்குக் கொண்டுவந்தது என்பதற்கு அதுவே சாட்சி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கனகலிங்கத்தின் மனைவி பூமணி அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“ஐயா, மாவின்ரை வரலாறு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கடை மகளுக்குக் கலியாணம். இந்த மனுசன் வருவாரோ மாட்டாரோ எண்டு எனக்கே தெரியாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ.”

விஷயம் இதுதான். அச்சுவேலியில் தியாகராசா என்று ஒருவர் இருக்கிறார். அவரிடமும் ஓர் ஏ-ஃபோர்ட்டி இருக்கிறது, பச்சை நிறம். இருவரும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், கலியாணங்களுக்குக் கார் ஓடியவர்கள். இங்கே தாலி கட்டிய பிறகு மணமக்கள் ஏறுவது முன் கார். பின் காரில் பலகாரப் பெட்டிகளும் முழங்கால் வலிக்காரர்களும். இரண்டு ஏ-ஃபோர்ட்டிகள் ஒரே கலியாணத்துக்கு வந்தால் மூத்த கார்தான் முன்னால் போக வேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். எது மூத்தது என்பதில்தான் ஒத்துக்கொள்ளவில்லை. காரின் பதிவுப் புத்தகங்கள் இரண்டும் உள்நாட்டுப் போரில் ஊரே காலியான இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. ஆகவே பல வருஷங்களாக ஒருவர் போகும் கலியாணத்துக்கு மற்றவர் போவதில்லை. இப்போது போயே தீர வேண்டும். ஏனென்றால் கனகலிங்கத்தின் மகள் தர்சினி கட்டப்போவது தியாகராசாவின் மகனை.

“என்ரை கார் பலகாரம் சுமக்காது” என்றார் கனகலிங்கம். “உவர் தியாகர் சொல்லுறார், தன்ரை கார் நாப்பத்தெட்டிலை, இலங்கைச் சுதந்திரத்துக்கு முதல் நாள் கொழும்பிலை இறங்கினதாம். என்ரை அதுக்கும் முதல் வந்தது. அவரின்ரை கார் முன்னுக்குப் போறதெண்டால் நான் மண்டபத்துக்குள்ளை கால் வைக்கமாட்டன்.”

“அப்ப தாரை வார்க்கிறது ஆர்?” என்றார் பூமணி அக்கா.

“தாய்மாமன் வார்க்கட்டும்.”

தர்சினி சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் தாதி. அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “மாமா வார்க்கத் தேவையில்லை. நீங்கள் வந்து தாரை வார்க்காட்டில் நான் மணவறைக்கு வரமாட்டன். நீங்களும் உங்கடை காரும் வீட்டிலை இருங்கோ, நானும் இருக்கிறன்” என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து போனாள். கனகலிங்கம் பிட்டைப் பிசைந்தார். ரொம்ப நேரம் பிசைந்தார்.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன். ஒரு பொருளின் தேதியைக் கண்டுபிடிக்கப் புத்தகம் மட்டுமே வழியல்ல. கண்ணாடி, தகடு, எண் எல்லாம் பேசும் என்றேன். கனகலிங்கம் என்னை முதல் முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். உடனே தியாகராசாவுக்கு ஃபோன் போட்டு, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார்.

“இந்தியாவிலை இருந்து ஒருத்தர் வந்திருக்கிறார். திகதி கண்டுபிடிக்கிறதிலை விண்ணர். அவர் சொல்லுறதைக் கேப்பீரோ?”

“அவர் ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லைத்தானே?” என்றது ஃபோன்.

“இல்லை.”

“எங்கை சாப்பிடுறார்?”

“இஞ்சைதான்.”

“அது பிழை. வியாழக்கிழமை இஞ்சை அனுப்பும். நானும் சாப்பாடு குடுத்தால்தான் நீதி.”

புதன்கிழமை காலை தர்சினியை வேலைக்கு விட்டுவிட்டுச் சாவகச்சேரிச் சந்தையைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். ஊருக்குச் சற்று முன்னால், ஏ-ஒன்பது நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டது. கனகலிங்கம் உள்ளே இருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். நானும் தர்சினியும் பின்னால் நின்று தள்ளினோம். வெள்ளைச் சீருடையில் ஒரு தாதி கார் தள்ளுவதைப் பார்த்து, தெற்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் சுற்றுலா வந்த நாலு பேர் இறங்கி வந்தார்கள். அவர்கள் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

“என்னம்மா சொல்றாங்க?”

“இந்தக் கார் மியூசியத்துக்குப் போகுதோ, மியூசியத்திலை இருந்து தப்பி வருதோ எண்டு கேக்கினம்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அங்கிள், உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். நீங்கள் ஒண்டையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம். அப்பாவின்ரை கார் ஒரு மாசம் மூத்தது எண்டு சொல்லிவிடுங்கோ.”

“உன் மாமனார் கோபிப்பாரே?”

“மாமா கோவிச்சாலும் கலியாணத்துக்கு வருவார். பந்தியிலை இருந்து எழும்பமாட்டார். அப்பாதான் வரமாட்டார். எனக்கு அவரை வடிவாத் தெரியும்.”

தள்ளிக்கொண்டே யோசித்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு மாதம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எங்கள் வட்டத்தில் ஒருவர் ஒரு கோயில் குடமுழுக்குக்கு ஒரு நாள் தப்பாக எழுதியதற்காக நான் அவரோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவன்.

“பொய்த் தேதி என்னால முடியாதும்மா. அது மட்டும் முடியாது.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அப்ப வடிவாத் தள்ளுங்கோ” என்றாள்.

அன்று மாலை கனகலிங்கத்தின் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தேன். உள்சுவரில் ஒரு சிறிய உலோகத் தகடு. கார் எண், என்ஜின் எண் இரண்டும் அதில் பொறித்திருந்தன. எழுதிக்கொண்டேன். என்ஜினின் பக்கவாட்டிலும் ஓர் எண் வெட்டியிருந்தது; அதன் மேல் ஒரு விரற்கடை எண்ணெய்ப் பிசுக்கு. பூமணி அக்கா மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொடுத்தார். தேய்த்துப் பார்த்தேன். அது தகட்டில் இருந்த எண் அல்ல. வேறு எண். எதுவும் சொல்லாமல் மூடியை மூடினேன்.

வியாழக்கிழமை கனகலிங்கம் என்னை அச்சுவேலியில் ஒரு சந்தின் முனையில் இறக்கிவிட்டார். “இதுக்கு அங்காலை இவா வரமாட்டா” என்றார். கார் அங்கேயே தானாக நின்றுவிட்டதால், அது உண்மையாகவும் இருந்தது.

தியாகராசா பெரிய உடம்பு, பெரிய குரல். பச்சைக் கார் கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. “முதல்லை சாப்பாடு” என்றார். நண்டுக் கறி, இறால் பொரியல், முருங்கையிலைச் சுண்டல், அதன்மேல் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் ஒரு சட்டி. நான் போதும் என்று சொல்லும்தோறும், “கனகர் வீட்டிலை என்ன தந்தவை?” என்று கேட்பார். பிட்டு என்றேன். “பிட்டோ!” என்று சொல்லி இன்னொரு நண்டைப் போட்டார். தீர்ப்பு எழுத வேண்டியவனுக்கு எழுந்து நிற்கவே முடியவில்லை. மாப்பிள்ளை நிமலன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். கடைசி வரை அவன் பேசி நான் கேட்கவில்லை.

பச்சைக் காரின் தகட்டைப் பார்த்தேன். பிறகு என்ஜினைத் தேய்த்தேன். எண்ணை இரண்டு முறை படித்தேன். கொஞ்சம் கூழின் உறைப்பால், மிச்சம் வரலாற்றால். பச்சைக் காரின் என்ஜினில் இருந்தது கறுப்புக் காரின் தகட்டில் இருந்த எண். கறுப்புக் காரின் என்ஜினில் நான் பார்த்திருந்தது இந்தப் பச்சைக் காரின் தகட்டு எண்.

கதவுகளின் விளிம்பை நகத்தால் சுரண்டினேன். இடப்பக்கக் கதவுகளில் பச்சைக்குக் கீழே கறுப்பு வந்தது. திரும்பிப் போய்க் கனகலிங்கத்தின் காரின் இடப்பக்கக் கதவுகளைச் சுரண்டினேன். கறுப்புக்குக் கீழே பச்சை.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு கார்களும் கனகலிங்கம் வீட்டு மாமரத்தின் கீழ், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. பச்சைக் காரை அச்சுவேலியிலிருந்து வழியெல்லாம் ஆட்கள் தள்ளி அனுப்பியிருந்தார்கள். தியாகராசா ஒரு நாற்காலியில், கனகலிங்கம் ஒரு நாற்காலியில். தர்சினி படியில் உட்கார்ந்து பாலில்லாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்காமல்.

நான் எழுந்து நின்று சொன்னேன். தகடுகளின்படி கறுப்பு உடம்பு கொஞ்சம் மூத்தது. ஆனால் அதற்குள் ஓடுவது பச்சைக் காரின் என்ஜின், இளையது. பச்சை உடம்பு இளையது; அதற்குள் இருப்பது கறுப்புக் காரின் என்ஜின், மூத்தது. இடப்பக்கக் கதவுகளும் மாறியிருக்கின்றன. எந்தப் பாகம் எப்போது செய்தது என்று என்னால் சொல்ல முடியும். எந்தக் கார் யாருடையது என்றுதான் சொல்ல முடியாது.

 பூமணி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

“அது தொண்ணூற்றைஞ்சிலை, இடப்பெயர்வுக்கை நடந்தது. மறந்துபோனியளே? ரெண்டு காரும் ஓடேல்லை. ரெண்டையும் கழட்டிப் பூட்டி ஒண்டை ஓடப் பண்ணினனீங்கள். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை. ரெண்டு வீட்டுச் சனமும் அதிலைதானே சாவகச்சேரிக்குப் போனது. எங்கடை ஆடு முன் சீற்றிலை.”

“ஆடு பின் சீற்” என்றார் தியாகராசா மெதுவாக.

“முன் சீற். நீர் அதின்ரை தலையை வெளியிலை பிடிச்சுக்கொண்டு வந்தனீர்” என்றார் கனகலிங்கம்.

“திரும்பி வரேக்கை கொட்டிலுக்குள்ளை கிடந்த சாமானை அள்ளித்தானே மற்றதைப் பூட்டினது. எது ஆரின்ரை எண்டு ஆர் பாத்தது?” என்றார் பூமணி அக்கா.

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். கனகலிங்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் கட்டுரையின் கடைசிப் பத்தியை மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்; நல்ல பத்தி.

தர்சினி கோப்பைகளை எடுக்க வந்தவள் அப்பாவின் காதருகே குனிந்து என்னவோ சொன்னாள். பிறகு மாமனாரின் கோப்பையை எடுக்கும்போது அவர் காதிலும் என்னவோ சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

கனகலிங்கம் நிமிர்ந்தார். “அப்ப இவ்வளவு வருசமா என்ரை எஞ்சினிலைதான் நீர் ஓடித் திரிஞ்சிருக்கிறீர்.”

“நீர் மட்டும்? என்ரை கதவை எல்லே சாத்திச் சாத்தித் திறந்தனீர்!”

“என்ரை எஞ்சினைத் தாரும்!”

“கழட்டும்! இப்பவே கழட்டும்! என்ரையையும் தாரும்!”

சனிக்கிழமை முழுவதும் கழற்றினார்கள். கலியாண வீட்டின் முற்றத்தில், வாழைக்குலைகளுக்கும் அண்டாக்களுக்கும் நடுவே, இரண்டு கார்களும் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தன. கனடாவிலிருந்து வந்த உறவினர்கள் என்ஜின்களின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பயத்தம் பணியாரம் சுடும் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து வந்தன. நான் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் ஓடினேன்.

“நாளைக்குக் கல்யாணம். இன்னைக்கு எதுக்கு இதெல்லாம்?”

“நாளைக்குத்தானே!” என்று காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

“அந்தப் பெரிய சாவியைத் தா பிள்ளை” என்று கை நீண்டது. மருதாணிக் கையோடு தர்சினி ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. மனம் விட்டுப்போனவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். இந்தப் பெண்ணின் வாழ்க்கையை இரண்டு எண்களால் கெடுத்துவிட்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மாமரத்துக் கொப்பில் சங்கிலி கட்டி இரண்டு என்ஜின்களையும் இறக்கினார்கள். இறங்கியதில் குறையில்லை. திரும்ப ஏற்றத் தூக்கியபோது கொப்பு முறிந்து, கனகலிங்கத்தின் என்ஜின் மண்ணில் உட்கார்ந்தது. தியாகராசாவினுடையது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. வேறு கொப்பு இல்லை. இருட்டும் நேரத்தில் அவரவர் என்ஜின் மேல் அவரவர் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

நான் கனகலிங்கத்தின் முன்னால் போய் நின்றேன். “நாளைக்கு நீங்க மண்டபத்துக்கு வரணும். அந்தப் பொண்ணு உங்க கையாலதான் தாரை வார்க்கணும்னு இருக்கு.”

அவர் யோசித்தார். இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முன் காரும் இல்லை. பின் காரும் இல்லை. அப்ப நான் என்னத்துக்கு ஐயா வராமல் இருக்கிறது?” என்றார். அதற்கு மேல் யோசித்தும் அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கனகலிங்கம் மண்டபத்துக்குள் கால் வைத்தார். வெள்ளை வேட்டி, பட்டுச் சால்வை, முழங்கை வரை கறுப்பு. மண்ணெண்ணெயும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தும் கிரீஸ் போகவில்லை. மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்க்கும்போது ஐயர் ஒரு கணம் மந்திரத்தை நிறுத்தி அந்தக் கையைப் பார்த்தார். எதிரே தியாகராசா நீட்டிய கைகளும் அதே நிறம். ஐயர் என்ன நினைத்தாரோ, வேகத்தைக் கூட்டினார். தர்சினி மட்டும் தன் கைமேல் இருந்த அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூறைப்புடவையில் ஒரு கட்டைவிரல் அடையாளம் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

தாலி கட்டி, ஆஞ்சநேயர் கோயிலில் கும்பிட்டு, அச்சுவேலி போக வெளியே வந்தால் வாசலில் பூமாலையோடு ஒரு மினிபஸ் நின்றது. தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிற பஸ். இன்றைக்கு வாடகைக்கு.

“பஸ்ஸிலை முன் கார், பின் கார் எண்டு ஒண்டும் இல்லை அங்கிள். எல்லாரும் ஒண்டாப் போகலாம்” என்றாள் தர்சினி.

“இவ்வளவு சீக்கிரமா எப்படிம்மா பஸ் கிடைச்சது? ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள்.”

“நான் வெள்ளிக்கிழமை மத்தியானமே சொல்லிப்போட்டன்.”

நான் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டேன். கார்களைப் பிரித்தது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டும் முழுசாக நின்றன.

“அப்போ, கோப்பை எடுக்க வந்தப்போ நீ அவங்க காதுல சொன்னது…”

“‘உங்கடை எஞ்சினைக் கேட்டு வாங்குங்கோ’ எண்டனான். ரெண்டு பேரிட்டையும்.” அவள் சிரித்தாள். “நீங்கள் பொய் சொல்லமாட்டன் எண்டியள். அப்ப உங்கடை உண்மையை வைச்சுத்தானே ஏதும் செய்யவேணும்.”

நான் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். பஸ் ஜப்பானில் செய்தது. முன்னால் போன ஓட்டோக்கள் நீங்கலாகத் தெருவில் நின்ற வான், லொறி, கார் எல்லாமே ஜப்பான். 1942 ஏப்ரலில் கொழும்பின்மேல் குண்டு போட்டுப் போன தேசம், தோற்ற தேசம். அதன் வண்டியில் நாங்கள் அலுங்காமல் ஏறியிருந்தோம். வென்ற தேசத்தின் இரண்டு கார்களும் மாமரத்தின் கீழே மண்ணில் கிடந்தன. இதைவிட நல்ல முடிவு கட்டுரைக்குக் கிடைக்காது என்று பென்சிலை எடுத்தேன். பஸ் எந்த வருஷத்தியது என்று டிரைவரிடம் கேட்க வாயையும் திறந்தேன்.

“அங்கிள்” என்றாள் தர்சினி, முன் சீட்டிலிருந்து. வாயை மூடிக்கொண்டேன்.

பஸ் நிரம்பிவிட்டது. பலகாரப் பெட்டிகளோடு சனம் படிவரை நின்றது. கடைசியாகக் கனகலிங்கமும் தியாகராசாவும் ஒரே நேரத்தில் ஏறி, நடைபாதையின் தொடக்கத்தில், மணமக்களின் சீட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். வாடகைப் பயணம் என்பதைக் கண்டக்டர் அந்த நேரத்தில் மறந்துவிட்டார். படியில் தொங்கியபடி பஸ்ஸின் பக்கவாட்டில் பலமாகத் தட்டினார்.

“முன்னுக்கு அடையாதேங்கோ! பட்டுச் சால்வை ஐயாமார் ரெண்டு பேரும் பின்னுக்குப் போங்கோ! பின்னுக்கு இடம் கிடக்கு, பின்னுக்குப் போங்கோ!”

 இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்பக்கத்தைப் பார்த்தார்கள், அங்கே பலகாரப் பெட்டிகள் கூரைவரை இருந்தன.

தியாகராசா சால்வையைச் சரிசெய்துகொண்டு, கறுத்த கையை மரியாதையாக நீட்டி வழி காட்டினார்.

“நீங்கள் முதல் போங்கோ சம்பந்தி. உங்கடை கார்தானே மூத்தது.”

“சீச்சீ, என்ன கதை இது?” என்றார் கனகலிங்கம், ஓர் அங்குலமும் நகராமல். “உங்கடைதான் மூத்தது. நீங்கள் போங்கோ.”